லைன் நின்ற நாள்

குனிந்து வணங்கி நிமிர்வதற்குள், கைப்பைக்குள் போன் மூன்றாம் முறையாக உறுமியது.

மினோரி எடுக்கவில்லை. பார்க்காமலே தெரியும். குரோதா. ஒசாகா விளம்பரக் கம்பெனியில் அவளுடைய மேலதிகாரி.

சவப்பெட்டிக்குள் அப்பா. கார்த் தொழிற்சாலையில், கார்கள் நகர நகரப் பாகம் பூட்டும் லைனுக்கு மேஸ்திரியாக இருந்த ஹிகுசி. ஷிஃப்ட் முடிந்து அசந்து தூங்குகிறவர் மாதிரிதான் இருந்தார். சாம்பிராணித் தூள் போட வருகிறவர்களுக்கெல்லாம் குனிய வேண்டியது ஒரே மகளின் பொறுப்பு.

அவள் விரல்கள் நடுங்கின. துக்கத்தால் மட்டுமல்ல. மாதக்கணக்கில் தூக்கமில்லை. போன வாரம் ரயில் வரும் நேரத்தில், நடைமேடையின் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

வரிசையில் வந்த குண்டுப் பெண்மணி அந்த விரல்களைப் பற்றினாள். தபுச்சி. அப்பாவின் லைனில் போல்ட் முடுக்குகிறவள்.

"எனக்கும் ஒருநாள் இப்படித்தான் நடுங்குச்சும்மா. எம் புருஷன் ஓடிப்போன வாரம். கார்ல கோளாறுன்னா தலைக்கு மேல தொங்குற கயித்த இழுப்போமே, லைனே நின்னுடும். இழுத்துட்டேன்."

"அப்பா வந்தாரா?"

"ஓடி வந்தார். யாரு இழுத்தாலும் மொதல்ல நன்றிதான் சொல்வார். 'நன்றி தபுச்சி-சான். எந்த போல்ட்டு?'ன்னார். 'போல்ட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு மேஸ்திரி. நான்தான் சரியா இல்ல'ன்னேன்."

"திட்டினாரா?"

"என் கையுறைய வாங்கி மாட்டிக்கிட்டார். 'போய் அழுதுட்டு வாங்க'ன்னு என் இடத்துல நின்னார். மேனேஜர் மேல இருந்து கத்துறான். 'கோளாறு இருந்துச்சு, இழுத்தாங்க. இதுக்குத்தானே கயிறு கட்டியிருக்கீங்க?'ன்னார்." தபுச்சி மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்கு அவர் முடுக்கின போல்ட்டு பூரா கோணல். அது வேற கதை."

மினோரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலேயே கண்ணீரும்.

போன் மறுபடி உறுமியது. இந்த முறை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

"மினோரி-சான், அந்த சோப்பு விளம்பரம்..."

"நான் வரல, குரோதா-சான்."

"ஓ... புரியுது. அப்பாவுக்கான அஞ்சு நாள் லீவு இருக்கே, அதை எடுத்துக்கிட்டு..."

நல்ல சாக்கு. அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். ஐந்து நாள் கழித்து அதே நாற்காலி, அதே நடைமேடை.

"அப்பாவுக்காக இல்ல. எனக்காக. நான் சரியா இல்ல. தூக்கமே இல்ல. போன வாரம் ஸ்டேஷன்ல... என்னைப் பாத்து நானே பயந்துட்டேன். டாக்டரைப் பாக்கணும்."

மறுமுனையில் அலுவலக இரைச்சல் மட்டும்.

தொலைந்தோம் என்று நினைத்தாள்.

"போனை வெச்சிடாதீங்க."

கதவு சாத்தப்படும் சத்தம். இரைச்சல் நின்றது. நாற்காலி ஒன்று இழுபட்டது.

"இப்ப சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல."

மினோரி சுவரில் சாய்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், சவப்பெட்டியின் அருகே அவள் விட்டு வந்த இடத்தில் தபுச்சி நின்றிருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம், சற்றே கோணலாக, குனிந்துகொண்டிருந்தாள்.