மலர்வளையத்தோடு வந்த பிறந்தநாள்

கச்சேரி அரங்கத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையற்காரருக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் பாவம், நாள் முழுக்க உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிற மனிதர் என்னத்தைப் பேசுவது? பேச முடியாததையெல்லாம் எழுதித் தீர்த்தார். இசையமைப்பாளர், பாடகர், பாடகி என்று யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் காலையில் கடை திறந்த கையோடு வாசல் கரும்பலகையில் நாலு வரி ஏறிவிடும். அதனால் தெருவே அவரை நாலுவரி என்றுதான் கூப்பிட்டது. மேடை ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு உடை தைப்பது அவர்தான். அளவு நோட்டில் தோள், மார்பு, இடுப்பு என்று எழுதிவிட்டுக் கீழே பிறந்த தேதியையும் குறித்துக்கொள்வார்.

ஒரு பெரிய இசையமைப்பாளருக்கு அவர் எழுதியது இது:

மெட்டுப் போட்டால் ஊரே ஆடும்,
மேதை என்று நாடே பாடும்;
சட்டை போட்டால் பட்டன் மாறும் —
சரிபார்த்து அனுப்ப ஆள்தான் வேணும்.

அந்த மேதை அதைப் படித்துவிட்டு, தெருவில் நின்றபடியே பட்டன்களைக் கழற்றிச் சரியாக மாட்டிக்கொண்டு போனார். கோபித்துக்கொள்ளவில்லை. நாலுவரியிடம் கிண்டல் வாங்காதவர் இன்னும் பெரிய ஆள் ஆகவில்லை என்று அவர்களுக்குள்ளேயே ஒரு பேச்சு இருந்தது.

கிண்டலுக்கும் ஒரு சட்டம் உண்டு. உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் கிண்டல். போய்ச் சேர்ந்தவர்களின் பிறந்தநாளுக்குப் புகழ்ச்சி மட்டும். திருப்பிச் சொல்ல முடியாதவரைச் சீண்டுவது என்ன வீரம் என்பது அவர் நியாயம். இருபது வருஷத்தில் இது இம்மியும் பிசகியதில்லை. தெருவுக்கும் மனப்பாடம். பலகையைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் ஆள் நலமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவர் இந்த வருஷம், எல்லோரும் அக்கா என்று அழைக்கிற பாடகியின் பிறந்தநாளன்று அந்தச் சட்டத்தை மறந்தே போனார். மறந்ததற்குக் காரணம் பயம். போன வருஷம் அவர் அக்காவுக்கு எழுதியிருந்தது இப்படி:

கச்சேரி என்றால் நாலு மணிநேரம்,
கடைசிப் பாட்டில் கரகரப்பு ஓரம்;
அச்சாணி தேய்ந்தால் வண்டி ஓடாது —
அக்கா, தொண்டைக்கு லீவே கிடையாதா?

எழுதி நாலு மாதம் ஆகவில்லை. தொண்டையில் கட்டி என்று அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். எட்டு மாதம் தொண்டைக்கு லீவுதான். தனக்குக் கருநாக்கு என்று அன்றைக்கே நாலுவரி முடிவுகட்டிவிட்டார். மனைவியிடம்கூடச் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

இன்று மாலைதான் அக்கா திரும்ப மேடை ஏறுகிறார். பிறந்தநாளும் இன்றுதான். மறுபடி ஏதாவது எழுதி, அது பலித்துத் தொலைத்தால்? நல்ல வார்த்தையாகவே நாலு வரி எழுதினார்:

குயிலும் நாணும் குரலுக்கு உரியவர்,
குன்றில் விளக்காய் இசையில் பெரியவர்;
உயிரை உருக்கும் பாடல் தந்தவர்,
உலகம் போற்ற வாழ வந்தவர்.

எப்போதும் மனைவியிடம் காட்டிவிட்டுத்தான் எழுதுவார். இன்று காட்டவில்லை. அவள் உள்ளே பட்டன் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தவர் அரங்கத்து மேனேஜர். பலகையைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நாலுவரி, வெளியில எழுதியிருக்கறது நிஜந்தானா?"

நாலுவரி வாயில் ஆறு குண்டூசி. அக்காவைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தாவது பொய்யா? அழுத்தமாகத் தலையை ஆட்டினார். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கவிதை மனுஷனை உருக்கிவிட்டது என்று நாலுவரிக்கு உள்ளூரப் பெருமை.

மேனேஜர் அக்காவுக்குப் போன் செய்தார். அணைத்து வைத்திருந்தது. அரங்கத்தில் ஒருவர் விடாமல் செய்து பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அப்புறம் என்ன, காட்டுத் தீதான். பத்து மணிக்கு அரங்கத்து வாசலில் 'இன்று நிகழ்ச்சி இல்லை' என்று அட்டை தொங்கியது.

பதினோரு மணிக்கு ஒரு வாடகை வண்டி கடை வாசலில் நின்றது. அதிலிருந்து அக்கா இறங்கினார். கையில் மூன்றடி அகலத்தில் ஒரு மலர்வளையம்.

தெருவில் இருந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. பலகையை ஒரு தரம் படித்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்து, மலர்வளையத்தைத் தையல் மிஷின்மேல் சாத்தினார். வெட்டுமேஜையில் விரித்திருந்த கறுப்பு லைனிங் துணியில், துணிக்குக் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்துப் பெரிதாக எழுதினார்:

'நான் செத்துட்டேனா?'

நாலுவரி குண்டூசியை விழுங்காமல் தப்பியது பெரிய விஷயம். அக்கா அடுத்த வரியையும் எழுதினார்: 'சாயங்காலம் வரைக்கும் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதான் போனை அணைச்சு வெச்சேன். கோரஸ் பொண்ணுங்க அனுப்பின வளையத்தை நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.'

மனைவி வாசலுக்குப் போய்ப் பலகையைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "இந்தாங்க, உங்களுக்கு மூளை எங்க போச்சு? செத்தவங்களுக்குத்தானே இப்படி எழுதுவீங்க. எதிர்ல போய்ப் பாருங்க, கச்சேரியே இல்லன்னு அட்டை தொங்குது."

நாலுவரி எதிரே எட்டிப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். எட்டு மாதம் காத்திருந்து வந்த கச்சேரியை நாலே வரியில் கொன்றுவிட்டோமே! குண்டூசிகளை ஒவ்வொன்றாகத் துப்பினார்.

"அக்கா, எனக்குக் கருநாக்கு. போன வருஷம் லீவுன்னு எழுதினேன், அப்படியே ஆயிடுச்சு. இந்த வருஷமும் எழுதி ஏதாவது ஆனா நான் தாங்க மாட்டேன். அதான் கிண்டல் வேணாம்னு விட்டுட்டேன்."

 அக்கா குனிந்து எழுத ஆரம்பித்தார். நிறைய எழுதினார். நாலுவரிக்குக் கண் மங்கியிருந்ததால் மனைவிதான் சத்தமாகப் படித்தாள்.

"'நீங்க எழுதறதுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே தொண்டை கரகரத்துது. எனக்குத் தெரியும், பயந்துக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. சபையில எல்லாரும் கை தட்டினாங்க, ஒருத்தரும் கேக்கல. எனக்கு அளவெடுக்கறப்ப நான் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டு நீங்க ஒருத்தர்தான் எழுதினீங்க. மறுநாளே டாக்டர்கிட்ட போனேன். மருந்துல கேக்காம அப்புறம்தான் ஆபரேஷன் பண்ணினாங்க. கொஞ்ச நாள் தள்ளியிருந்தா குரலே போயிருக்கும்னார்.'"

 அக்கா துணியின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் கடைசியாக ஒரு வரி எழுதினார்: 'ஒழுங்கா கிண்டல் எழுதுங்க. போன வாரம் எடுத்த அளவு நோட்டுல இருக்கே, வேணும்னா அதைப் பாத்து எழுதுங்க.'

அளவு நோட்டில் இருப்பது தெய்வ ரகசியம், பலகைக்கு வராது என்று அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. அக்காவே சொன்ன பிறகு சட்டமாவது ஒன்றாவது. நாலுவரி எழுந்தார். பலகையை ஈரத்துணியால் துடைத்தார். பின்னால் கூட்டம் கூடிவிட்டது. ஓடி வந்த மேனேஜர் அக்காவைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கிக் கடைக் கதவைப் பிடித்துக்கொண்டார். நாலுவரி எழுதினார்:

எட்டு மாதம் ஓய்வில் இருந்தார்,
இரண்டங்குலம்தான் இடுப்பில் வளர்ந்தார்;
கட்டிய வளையம் கையோடு வந்தார் —
கச்சேரி உண்டு, காதே, உஷார்.

தெரு கொல்லென்று சிரித்தது. மேனேஜர் அட்டையைக் கழற்ற ஓடினார். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, டாக்டர் சொன்னதை நினைத்து அடக்கித்தான் பார்த்தார். முடியவில்லை. தலையை நிமிர்த்திக் கலகலவென்று சிரித்துவிட்டார்.

நாலுவரி சிரிக்கவில்லை. சாக்பீஸைப் பிடித்த கை அப்படியே நிற்க, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மேலே போய் இறங்கிய அந்தச் சிரிப்பில், அதன் கடைசி நுனியில்கூட, கரகரப்பு இல்லை. கண்ணில் நீர் பொலபொலவென்று வந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"அழறதை அப்புறம் வெச்சுக்கங்க" என்றாள் மனைவி. "அக்கா டிரஸ்ஸை இடுப்புல ரெண்டு அங்குலம் பிரிச்சு விடணும். மணி பன்னெண்டாகப் போகுது."