குளியலறைக் கைப்பிடி

"மாப்பிள்ளை, கொஞ்சம் வாங்க. நீங்க மட்டும்."

குளியலறைக்குள்ளிருந்து மாமனாரின் குரல் கேட்டதுமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் மனிதர் அவர். குளிக்கும்போது யாரையும் பக்கத்தில் விடமாட்டார். பெற்ற மகள் கை கொடுத்தாலே முகம் சுண்டிப்போகும். அதற்காகத்தான் சுவரில் அந்த ஸ்டீல் கைப்பிடி.

"ஆளைக் கூப்பிட்டு மாட்டிடலாங்க," என்று மனைவி முந்தின நாள் சொல்லத்தான் செய்தாள். நாலு ஓட்டை போட ஒரு ஆளா என்று அவன்தான் எதிர்வீட்டில் டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கி வந்தான். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் எட்டு எம்எம். மெஷின் பெட்டியில் எட்டு எம்எம் துளை போடும் பிட் இல்லை, பத்து இருந்தது. எட்டென்ன, பத்தென்ன என்று போட்டுவிட்டான். போதாக்குறைக்கு மெஷின் கையில் ஆடியதில் துளை இன்னும் அகண்டது. விரலால் தள்ளியதுமே பிளக் உள்ளே போய்விட்டது. ஸ்க்ரூவைத் திருகத் திருக அதுவும் கூடவே சுற்றியது. தடிமனான பிளக் வாங்கி வந்திருக்கலாம், கடை தெருமுனையில்தான். ஆனால் வாக்கரைப் பிடித்தபடி மாமனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் அசடு வழிந்துகொண்டு மறுபடி கடைக்குப் போவதா? முதுகால் மறைத்துக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றி வந்த செய்தித்தாளைக் கிழித்துத் துளைகளில் திணித்தான். மேலே வெள்ளை சிமெண்ட். வட்ட மூடிகளை அழுத்தியதும் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது.

"மாப்பிள்ளைக்குத் தெரியாத வேலையே இல்லம்மா," என்று மகளிடம் சொன்னார் அவர். அவனும் சிரித்து வைத்தான். சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அப்போது அவர் அதைப் பற்றியே இன்னொரு தடவை பெருமையாகப் பேசினார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

இப்போது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நல்லவேளை, மாமனார் விழவில்லை. இடுப்பில் துண்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், மடியில் கைப்பிடி. சுவரில் நான்கு துளைகளும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஈரத் தரையில் செய்தித்தாள் துணுக்குகள் கிடந்தன.

"நான்தான் மொத்த பாரத்தையும் போட்டு இழுத்துட்டேன் போல," என்றார் மெல்ல. "இன்னும் பழகல. அவகிட்ட சொல்லாதீங்க, பயந்துக்குவா."

சொல்லிக்கொண்டே அந்தத் துணுக்குகளைக் கால்விரலால் ஓரமாக ஒதுக்கினார். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மாப்பிள்ளையைத் திட்டுகிற வழக்கம் அவரிடம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீ' என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"என்னப்பா சத்தம்?" வெளியே மனைவியின் குரல்.

"ஒண்ணுமில்லம்மா, நான்தான் கொஞ்சம்..."

"மாமா மேல தப்பில்ல," என்றான் அவன். "ஓட்டை பெருசாப் போச்சு. தெரிஞ்சுதான் பேப்பரை வச்சு அடைச்சேன்."

மாமனார் கைப்பிடியை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

அவர் எழுந்திருக்க வேண்டும். சுவரில் பிடிக்க ஒன்றுமில்லை. அவன் குனிந்து தோளைக் கொடுத்தான். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, ஈரக் கையை அதன்மேல் வைத்தார். பாரத்தைப் போடுவதற்கு முன், அந்தத் தோளை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.