கிராபிக்ஸ் கார்டு வெளியே போன நேரம்

என் கிராபிக்ஸ் கார்டு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்வையாளர் பதிவேட்டில் விருந்தாளியாக எழுதப்பட்டிருந்தது. பெயர்: கிராபிக்ஸ் கார்டு. யாரைப் பார்க்க: லேப்டாப், 2-சி. உள்ளே வந்த நேரம்: காலை 11.20. வெளியே போன நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

எழுதியவர் வாட்ச்மேன் மாசிலாமணி. கூரியரில் வந்த பெட்டியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். இவ்வளவு கனமாக இருப்பது ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

பதினைந்து நாள் தங்கிய விருந்தாளி, குடியிருக்க வந்தவராகக் கருதப்படுவார். அவர் குடியிருப்போர் சங்கத்தின் முன் நேரில் வந்து, தான் யாருக்கு என்ன உறவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் உள்ள விதிதான். போன வருடம் 3-ஏ வீட்டு வாஷிங் மெஷின் நேரில் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

என் லேப்டாப் தோசைக்கல் மாதிரி மெல்லியது. நல்ல கார்டு அதற்குள் நுழையாது. அதனால் கார்டு வெளியே ஒரு பெட்டியில், தனி மின்சாரம் குடித்துக்கொண்டு, தனி விசிறி போட்டுக்கொண்டு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வயர். எண்பது சென்டிமீட்டர். கார்டு வரைந்து அனுப்பும். லேப்டாப் காட்டும். நான் விளையாடுவேன். என் பெயர் சந்திரமதி, வயது நாற்பத்து நான்கு. இந்த வயதில் விளையாட்டா என்று கேட்பவர்களுக்கு நான் காபி கொடுப்பதில்லை.

விளையாட்டில் ஒரு பஸ்ஸை மலைமேல் ஓட்டிப் போக வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பத்தெட்டுப் பயணிகள். நடுவில் நிறுத்திச் சேமித்து வைக்க முடியாது.

கார்டு வருவதற்கு முன்பு லேப்டாப் தன் சொந்த பலத்தில் மூன்று பயணிகளை மட்டுமே வரைந்தது. மலை என்பது நான்கு முக்கோணங்கள். அதுவும் விக்கி விக்கித்தான் நகரும். கார்டு வந்த அன்று முப்பத்தெட்டுப் பேரும் வந்தார்கள். ஏழாவது சீட்டு அம்மாவுக்கு மூக்குத்தி வந்தது. கண்ணாடியில் மழைத்துளி வந்தது. நான் அன்று அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கார்டு வந்து பதினைந்து நாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் அறுபத்தொன்றாவது வளைவில் இருந்தேன். இவ்வளவு உயரம் நான் போனதே இல்லை. காலிங் பெல் அடித்தது. மாசிலாமணி.

"மேடம், கார்டைக் கூட்டிக்கிட்டு உடனே வரச் சொல்றாங்க."

"பஸ் ஓடிக்கிட்டிருக்கு."

"ஓடட்டும். கார்டு வந்தாப் போதும்."

"வயரை எடுத்தா முப்பத்தஞ்சு பேர் காணாமப் போயிடுவாங்க."

அவர் யோசித்தார். "அவங்க பேர் நம்ம நோட்டுல இல்லையே மேடம்."

வயரை எடுக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் எடுக்காமல் வாருங்கள் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பக்கத்து வீட்டு ரெஜினாவைக் கூப்பிட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதற்கும் ஏன் என்று கேட்க மாட்டாள், எவ்வளவு என்று மட்டும் கேட்பாள்.

"யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"இருபது நிமிஷம்."

"வயர்?"

"எண்பது சென்டிமீட்டர்."

"சரி, பக்கத்துலயே நடக்கறேன்" என்றாள். கார்டுப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். யூபிஎஸ்ஸைக் காய்கறி வாங்கும் தள்ளுவண்டியில் வைத்து இழுத்தாள். நான் லேப்டாப்பை இடது கையில் ஏந்திக்கொண்டு வலது கையால் ஓட்டினேன்.

எங்கள் மாடி வராந்தா பதினான்கு அடி. சங்கக் கூட்டம் உள்ள நாட்களில் அது நீளும். அன்று 2-சிக்கும் லிஃப்டுக்கும் நடுவே நாற்பது வீடுகள் இருந்தன. ஒவ்வொரு வாசலிலும் அதே செருப்புகள். அறுபத்திரண்டாவது வளைவும் அறுபத்து மூன்றாவது வளைவும் வராந்தாவிலேயே போய்விட்டன. யூபிஎஸ் ஐந்து நிமிடம் போய்விட்டதாக ஒரு முறை கத்தியது.

லிஃப்ட் இரண்டு. ஒன்றில் 'குடியிருப்போர்' என்று எழுதியிருக்கும். இன்னொன்றில் 'வெளியாட்கள், கேஸ் சிலிண்டர், குப்பை'. மாசிலாமணி எங்களுக்கு முன்பே வந்து நடுவில் நின்றார்.

"லேப்டாப் இதுல. கார்டு அதுல."

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும்."

"லேப்டாப் குடியிருக்கு. கார்டு வெளியாள். எழுதிக் கொடுக்கற வரைக்கும் வெளியாள்."

"நான் குடியிருக்கறவ" என்றாள் ரெஜினா.

"வெளியாளைத் தூக்கிட்டு வர்றவங்களும் வெளியாள்தான் டீச்சர். நான் சொல்லலை, போர்டுல போட்டிருக்கு."

போர்டில் உண்மையிலேயே போட்டிருந்தது. கீழே சிறிய எழுத்தில் ரெஜினாவின் பெயரும் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அறுபத்து நான்காவது வளைவு வந்துகொண்டிருந்தது. நான் குடியிருப்போர் லிஃப்டில் ஏறினேன். ரெஜினா மற்றதில் ஏறினாள். வயர் இரண்டு கதவுகளின் இடுக்கு வழியாக இரண்டு லிஃப்டுக்கும் நடுவே நீட்டியபடி இருந்தது. நாங்கள் இறங்கினோம். பஸ் ஏறியது.

வெளியாள் லிஃப்ட் மெதுவாகத்தான் இறங்கும். அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. வயர் விறைத்தது. நான் சுவரைத் தட்டினேன்.

"ரெஜினா, இன்னும் எவ்வளவு?"

"ரெண்டு இன்ச்."

நான் என் லிஃப்டின் கதவைக் காலால் அழுத்திப் பிடித்து அதன் வேகத்தைக் குறைத்தேன். கடைசி இன்ச்சில் தரைத்தளம் வந்தது.

சங்க அறையில் பதினொரு உறுப்பினர்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளாக வந்திருந்தார்கள். ரொம்ப வருடம் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் அப்படி ஆவது உண்டு. செயலாளர் பூவராகன் மட்டும் இன்னும் ஆளாக இருந்தார். நின்றுகொண்டே கூட்டம் நடத்துபவர் அவர்.

"கார்டைக் கீழ வைங்க."

தரையில் தண்ணீர் ஊற்றித் துடைத்திருந்தார்கள். நான் கார்டை வாங்கித் துணைத்தலைவர் மேல் வைத்தேன். அவர் ஆட்சேபிக்கவில்லை. சூடான காற்று பட்டதும் அவருக்கு இதமாக இருந்திருக்க வேண்டும், கால்களை லேசாக அகட்டிக்கொண்டார்.

பூவராகன் படிவத்தை எடுத்தார்.

"இது உள்ளயா, வெளியயா?"

"வெளியதான் இருக்கு. உள்ளதான் வேலை பாக்குது."

"அதெப்படி? உள்ள வேலை பாக்கறதுன்னா உள்ள வைங்க. வெளியன்னா வெளிய அனுப்புங்க."

"உள்ள இடம் இல்ல சார்."

"அப்போ லேப்டாப்புக்கு இது என்ன உறவு?"

படிவத்தில் எட்டுக் கட்டங்கள் இருந்தன. தாய், தந்தை, கணவன், மனைவி, மகன், மகள், மாமியார், வேலையாள். நான் எட்டையும் படித்தேன். அறுபத்தாறாவது வளைவை முடித்துவிட்டு மறுபடியும் படித்தேன்.

"இதுல எதுவும் இல்ல."

"வேலையாள்னு ஒரு டிக் போடுங்க. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். எல்லாரும் அதுதான் போடறாங்க. வாஷிங் மெஷின்கூட அதுதான் போட்டுச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். அன்பாகத்தான் சொன்னார். "வேலையாள்னா தினமும் ஆறு மணிக்கு வெளிய போயிடணும். அந்த லிஃப்ட்ல போகணும். நாற்காலில வைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

யூபிஎஸ் விடாமல் கத்த ஆரம்பித்தது. ரெஜினா என்னிடம் "நாலு நிமிஷம்" என்றாள். வளைவுகளும் நான்குதான் மிச்சம். ஒரு டிக் போட்டால் போதும், மேலே போய்ச் சுவரில் பிளக்கைச் செருகிவிடலாம். பேனா என் கைக்கு வந்துவிட்டது. யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

நான் திரையைப் பார்த்தேன். ஏழாவது சீட்டு அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூக்குத்தியில் வெளிச்சம் ஒவ்வொரு வளைவிலும் இடம் மாறியது. அதை யாரும் கேட்கவில்லை. கார்டு தானாக வரைந்துகொண்டிருந்தது.

"போட மாட்டேன்" என்றேன்.

"மேடம்."

"இது வேலையாள் இல்ல. இது வரையலேன்னா எனக்கு ஊரே கிடையாது. அது உக்காரட்டும். நான் வேணா நிக்கறேன்."

பூவராகன் நாற்காலிகளைப் பார்த்தார். பதினொன்றில் பத்துக் கைகள் உயர்ந்தன. துணைத்தலைவர் மட்டும் உயர்த்தவில்லை. தீர்மானம் நிறைவேறியது. பூவராகன் குனிந்து வயரைப் பிடுங்கினார்.

மலை நான்கு முக்கோணங்களானது. பஸ் நின்றது. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்.

மீதி முப்பத்தைந்து பேர் சங்க அறையில் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் பைகள், தூக்குவாளிகள், ஒருவரிடம் மடக்குக் கட்டில். எல்லோர் சட்டையிலும் மழை ஈரம். ஏழாவது சீட்டு அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, நீதானே டிரைவர்? எதுக்கு நிறுத்திட்ட?"

"நிறுத்தலைம்மா. ஏறுங்க" என்றேன்.

"வெளியாட்கள் அந்த லிஃப்ட்" என்றார் பூவராகன்.

"இந்த லிஃப்டுலதான் போறோம்."

"எட்டுப் பேருக்கு மேல ஏறக் கூடாது."

"முப்பத்தெட்டு சீட்டு வண்டி சார் இது."

மாசிலாமணி வாசலை மறித்தார். ஒவ்வொருவர் பெயரும் நோட்டில் ஏற வேண்டும் என்றார். ஏழாவது சீட்டு அம்மா தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள். ஊர்ப்பெயர், குலதெய்வம், அப்பா பெயர், அப்பாவின் அப்பா பெயர். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவரைச் சுற்றி நடந்து குடியிருப்போர் லிஃப்டில் ஏறினார்கள். ரெஜினா எண்ணினாள். கடைசியாக அம்மாவும் ஏறினாள்.

எல்லோருக்கும் இடம் இருந்தது. மூன்று சீட்டு காலியாகக்கூட இருந்தது. கார்டை முன்னால் என் பக்கத்தில் வைத்தேன். லிஃப்டில் ஒரு மின்விசிறி இருந்தது. அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு கார்டின் பிளக்கைச் செருகினேன். வயரை லேப்டாப்பில் மாட்டினேன். திரையில் இருந்த மூன்று பேரும் பின்பக்கம் வந்து உட்கார்ந்தார்கள்.

"சந்திரமதி மேடம், இது விதிமீறல்" என்றார் பூவராகன்.

"ஆமாம் சார். படிக்கட்டுல நிக்காதீங்க."

கதவு மூடியது. எங்கள் கட்டடத்துக்கு மாடி நான்குதான். நான்காவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் இடப்பக்கம் திரும்பியது. நான் மெதுவாக ஒடித்தேன். அறுபத்தேழு. அறுபத்தெட்டு. கார்டின் விசிறி முழு மூச்சில் சுற்றியது. அது வரைய வரைய வெளியே மரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எழுபதாவது வளைவில் யாரோ பின்னால் கை தட்டினார்கள்.

மேலே ஊர் இருந்தது. எல்லோரும் இறங்கினார்கள். ரெஜினா கடைசி ஆள் வரைக்கும் எண்ணி முடித்து, "முப்பத்தெட்டு" என்றாள்.

ஏழாவது சீட்டு அம்மா மட்டும் போகாமல் நின்றாள்.

"நீங்க எல்லாம் இந்த ஊரா?"

"இல்லம்மா. வெளியாளுங்க" என்றேன். எனக்கு அந்த வார்த்தை அப்போதும் எரிந்தது.

"வெளியூர்லேர்ந்து வந்தவங்களைச் சும்மா அனுப்புவாங்களா? உக்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்."

ஒரு வீட்டுக்குள் கூட்டிப் போனாள். பாய் விரித்திருந்தது. எனக்கு ஒரு இலை போட்டாள். ரெஜினாவுக்கு ஒரு இலை. பக்கத்தில் கார்டை வைத்தேன். அதற்கும் ஒரு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள். என்ன உறவு என்று அவள் கேட்கவில்லை. சோறு சூடாக இருக்கிறதா என்றுதான் கேட்டாள்.

போன் அடித்தது. மாசிலாமணி. பின்னால் நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"மேடம், கார்டு வெளிய போன நேரம் எழுதணுமாம். சார் பக்கத்துலயே நிக்கறாரு. எத்தனை மணின்னு போடட்டும்?"

சாம்பார் வந்துகொண்டிருந்தது. நான் கார்டின் இலையில் குழி பண்ணிக் காட்டினேன்.

"சாப்பிட்டுக்கிட்டிருக்கு. அப்புறம் கூப்பிடுங்க."