ரூபாயோடு இறங்கிய மாப்பிள்ளை

டாலருக்கு எதிராக ரூபாய் ஏறினால் கிருஷ்ணபிரசாத் உயர்வான், ரூபாய் இறங்கினால் குள்ளமாவான் என்பது நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பெண் பார்க்க வந்த வருடம் ரூபாய் ஆணி அடித்தாற்போல ஓரிடத்தில் நின்றது; மாப்பிள்ளையும் நின்றான். டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்து, ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்த அவன், சுபாஷிணியைவிட நாலு விரற்கடை உயரம். இது சின்ன விஷயமில்லை. சுபாஷிணி நெடுநெடுவென்று வளர்ந்தவள். அதற்கு முன் வந்த வரன்கள் அவள் எழுந்து நின்றதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பியவர்கள். அதனால் ஒருத்தனை அண்ணாந்து பார்த்துப் பேசுவது அவளுக்குப் புதுசாகவும் சுகமாகவும் இருந்தது. தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கும் அவன் வழக்கமும் பிடித்திருந்தது.

பெரியப்பா ஒருவர் தவறிப்போனதில் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அந்த இடைவெளியில் ரூபாய் சரியத் தொடங்கியது. முதலில் கிருஷ்ணபிரசாத்தின் பேண்ட் தரையைக் கூட்டியது. அவன் அம்மா காமாக்ஷி அதை முனிர்கா தையல்காரரிடம் கொடுத்து மடித்துத் தைத்து வாங்கினாள். ரிசர்வ் வங்கி கையிருப்பிலிருந்து டாலரை எடுத்து விற்ற மறுநாள் ரூபாய் ஏறி அவனுக்குக் கணுக்கால் தெரிந்தது, பிரித்துத் தைத்து வாங்கினாள். இப்படியே நாலைந்து முறை ஆனதும் தையல்காரர், "கீழேயும் எலாஸ்டிக் போட்டுடலாமா, ஆன்ட்டிஜி?" என்று ஹிந்தியில் கேட்டார். காமாக்ஷி திருஷ்டி சுற்றிப் போட்டாள். மலை மந்திரில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது மகனின் நட்சத்திரத்தோடு அன்றைய டாலர் விலையையும் சேர்த்துச் சொன்னாள். அர்ச்சகர் இரண்டையும் முருகனிடம் சொன்னார்.

விஷயம் இன்னதென்று முதலில் கண்டுபிடித்தது சுபாஷிணிதான். அவள் கன்னாட் பிளேஸில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். போர்டில் பைசா நகரும்போதே, சாயங்காலம் மெட்ரோ வாசலில் அவன் தலை தன் நெற்றிக்கு வருமா மூக்குக்கு வருமா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் அப்பா ராமசுப்ரமணியன் கலங்கிப்போனார். "அச்சா பையன்தான், நான் இல்லேங்கலை. ஆனா முகூர்த்தத்தன்னிக்கு எவ்வளவு இருப்பான்னு யாராவது கேரண்ட்டி குடுப்பாளா?" என்றார். கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வீட்டில் மெல்ல நடமாட ஆரம்பித்தது.

அப்போது நியூஜெர்சியிலிருந்து லீவில் வந்த சுபாஷிணியின் அத்தை பிள்ளை அஷ்வத் ஒரு வழி சொன்னான். தன் பர்சிலிருந்து சில டாலர் நோட்டுகளை உருவி, கிருஷ்ணபிரசாத்தின் இரண்டு ஷூவுக்குள்ளும் பரப்பினான். போட்டுக்கொண்ட மறு நிமிடமே பழைய உயரம் வந்துவிட்டது. அதன் பிறகு ரூபாய் என்ன ஆட்டம் ஆடினாலும் அவன் அசையவில்லை. இதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், தங்களுக்கு ஒரு குறையும் இல்லாதபோதும், எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கு ரெண்டு நோட்டு வாங்கிச் செருப்பில் ஒட்டிக்கொண்டார்கள். சுபாஷிணியின் கவுண்ட்டரில் வரிசை வாசலைத் தாண்டியது. அவர்கள் வாங்க வாங்க டாலர் ஏறியது. டாலர் ஏறுகிறதே என்று இன்னும் வாங்கினார்கள்.

ஆனால் டாலர் மேல் நிற்கிற கிருஷ்ணபிரசாத் வேறு ஆளாக இருந்தான். ஆட்டோக்காரர்கள் அவனிடம் மூணு மடங்கு கேட்டார்கள். ஹுமாயூன் கல்லறையில் வெளிநாட்டவர் வரிசைக்கு அனுப்பினார்கள். அவனும் மறுபேச்சில்லாமல் போய் நின்றான். அம்மாவின் ரசம் காரம் என்று ஒதுக்கினான். சுபாஷிணி ஒருநாள் ஜோக் சொன்னபோது சிரிக்காமல், "தட்ஸ் ஃபன்னி" என்றான். அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவனை மலை மந்திருக்கு இழுத்துக்கொண்டு போனாள். செருப்பு விடும் இடத்தில் அவன் நின்றுவிட்டான்.

"நீ போயிட்டு வா. நான் இங்கயே நிக்கறேன்."

"ஷூவைக் கழட்டு, பிரசாத்."

"கழட்டினா உன் தோளுக்குத்தான் வருவேன்."

"தோளுக்கே வா. ஆனா நீயா வா."

அவன் உட்கார்ந்து லேஸை அவிழ்த்து ஷூவைக் கழட்டினான். எழுந்து நின்றதும், லிஃப்ட் இறங்குவதுபோல அவள் நெற்றி, மூக்கு, தாடை எல்லாவற்றையும் கடந்து இறங்கி, தோளருகே ஒரு குலுங்கலோடு நின்றான். "கிரவுண்ட் ஃப்ளோர் வந்தாச்சு, மேடம்" என்று சொல்லி, தானே முதலில் சிரித்தான். சுபாஷிணி சிரித்த சிரிப்பில் படியேறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நோட்டுகளை அஷ்வத்திடமே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

டாலர் தொண்ணூறைத் தாண்டிய வாரத்தில் கல்யாணம் நடந்தது. மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க மாமாக்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "என்னைத் தூக்காதீங்கோ மாமா, அவரை மட்டும் தூக்குங்கோ" என்றாள் சுபாஷிணி. மாப்பிள்ளையை ஒரே மாமா ஒரு கையால் தூக்கிவிட்டார். மாலை சரியாகக் கழுத்தில் விழுந்தது. வந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாம்பாரில் உப்பு இல்லாததைப் பற்றித்தான் மாதக்கணக்கில் பேசினார்கள்.

பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் ஃபீஸ் கட்ட வேண்டியவர்கள் இப்போதெல்லாம் காலையில் பால்கனியிலிருந்தே, "மாமி, இன்னிக்கு உங்க பிள்ளை எப்படி?" என்று கேட்கிறார்கள். காமாக்ஷி காய் நறுக்கியபடியே கையால் உயரத்தைக் காட்டுகிறாள். அவர்கள் அதற்குத் தகுந்தாற்போல் இன்றைக்கே கட்டுகிறார்கள், அல்லது அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போகிறார்கள். கல்யாணத்துக்கு அடுத்த வருடம் பிறந்த மகள் ஷ்ருதி அப்பாவைப் போல இல்லை. டாலர் எப்படிப் போனாலும் அவள் சட்டை பண்ணுவதில்லை. அவள் யூரோவோடு போகிறாள் என்று தடுப்பூசி போட்ட டாக்டர் கண்டுபிடித்தார். கவுன் தைக்கும்போது காமாக்ஷி ஓரத்தில் நிறையவே துணி விட்டுத் தைக்கச் சொல்கிறாள்.