உபயம் சொல்லாத ஆராய்ச்சி

தெப்ராவ் பக்கத்து அந்தத் தாமான் குடியிருப்பில் ஃபோன் லைன் கிடைப்பது லாட்டரி விழுவது மாதிரி. தர்மினி ஆறு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, கேட்டுக்குள் ஒரு காலும் சாக்கடை ஓரத்தில் மறு காலுமாக நின்றால்தான் சிங்கப்பூர் ஆபீசோடு பேச முடியும். அரை அடி நகர்ந்தால் மேனேஜர் குரல் கிணற்றுக்குள் விழுந்துவிடும். அதனால், குடியிருப்பு மண்டபத்துக் கூரைமேல் டவர் வருகிறது என்றதும் தாமானே கல்யாணக் களையோடு திரிந்தது.

தர்மினியின் அம்மா இராசம்மாவைத் தவிர. மண்டபத்துக்கு நேர் எதிரே அவள் வீடு. மகள் படுக்கிற அறை ஜன்னலிலிருந்து எட்டிப் பிடித்து அந்தக் கூரையில் துணி காயப்போடலாம், அத்தனை கிட்டம். குடியிருப்பாளர் சங்கத் தலைவரும் அவள்தான். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்ததால் எல்லாருக்கும் அவள் 'மிஸ்ஸி'. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் டவருக்குச் சரி சொல்வதா, வேண்டாம் என்பதா என்று அவள் சொல்லியாக வேண்டும். டவர் கெட்டது என்று அவள் நினைக்கவில்லை. நல்லது என்றும் நினைக்கவில்லை. கலப்படம் இல்லாமல் ஒருத்தர் சொன்னால் போதும் என்றிருந்தாள்.

சொல்ல வந்தவர் பல்கலைக்கழகத்து டாக்டர் ரூபேந்திரன். அவர் சட்டை மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம். டவர் அலையால் தூக்கம் கெடாது என்று தாமே செய்த ஆராய்ச்சியைத் தலையணை கனத்துக்கு அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தார். இராசம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, கண்ணாடியே தேயும் அளவுக்குப் படித்தாள். யார் யார் தூங்கினார்கள், எப்படித் தூங்கினார்கள், எந்தக் கருவியால் அளந்தார்கள், எல்லாம் இருந்தது. யார் செலவில் என்பது மட்டும் இல்லை.

கேட்டு எழுதினாள். 'சுயேச்சையான ஆராய்ச்சி' என்று பதில் வந்தது. சுயேச்சை சரி, செலவு யாருடையது என்று மறுபடி எழுதினாள். உதவியாளரைக் கேட்கச் சொன்னார்கள். உதவியாளர் பல்கலைக்கழகக் கமிட்டியைக் காட்டினார், கமிட்டி டாக்டரைக் காட்டியது. கோயிலைச் சுற்றியிருந்தாலும் புண்ணியம் கிடைத்திருக்கும்.

டவர் வேண்டாம் என்னும் எதிர்க்கட்சிக்காரர் காளியப்பனிடம் போனாள். டவர் வந்தால் ரம்புத்தான் காய்க்காது, மனுஷனுக்கு முடி நிற்காது என்று அவரும் ஓர் ஆராய்ச்சியை நீட்டினார். அதைச் செய்தவர்கள் யார் என்று கேட்டால், அலையைத் தடுக்க ஃபோன் முதுகில் ஒட்டுகிற ஸ்டிக்கரைத் தயாரிப்பவர்களாம். அந்த ஸ்டிக்கரை விற்பவர் காளியப்பன். அது சேவை என்று கோபித்துக்கொண்டார். டவர் வருவதற்கு முன்னாலேயே இராசம்மாவுக்குத் தலைவலி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள். அங்கே டியூப் லைட்டில்கூட உபயக்காரர் பெயர்தான் எரியும், வெளிச்சம் எழுத்துகளின் இடுக்கு வழியாகக் கசியும். செயலாளர் மணியம் உபயம் சொல்லாமல் ஒரு பருக்கை சோறு விழ விடமாட்டார். அன்றைய அன்னதானம் கொடுத்தவர்கள் பெயர் வேண்டாம் என்று ஒருமுறைக்கு இருமுறை சொல்லியிருந்தார்கள். ஆஹா, என்ன அடக்கம் என்று மணியம் உருகிப்போய், மைக்கைப் பிடித்து மூன்று தரம் அறிவித்தார்: டவர் போடும் கம்பெனி நிர்வாகமும், அந்தக் கம்பெனியில் சம்பளம் பெறும் ஆலோசகர் டாக்டர் ரூபேந்திரன் குடும்பத்தாரும்.

பந்தியில் இருந்த ரூபேந்திரன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். இராசம்மா எதிரே போய் உட்கார்ந்தாள்.

"இதைத்தானே டாக்டர் நான் கேட்டுக்கிட்டிருந்தேன்?"

"எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க மிஸ்ஸி. ஆனா கணக்கு சுத்தமாத்தான் செஞ்சேன்."

"இருக்கலாம். நம்புறதா வேணாமான்னு பாக்குறது எங்க வேலை. சொல்றது உங்க வேலை."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இராசம்மா எழுந்தாள். ஆராய்ச்சிக்குப் பின்னால் கம்பெனி இருக்கிறது, அதை மறைத்திருக்கிறார்கள், முதலில் அதைப் போட்டு அச்சடிக்கட்டும், சம்பந்தமில்லாத ஒருத்தர் கணக்கைப் பார்க்கட்டும், பிறகு முடிவெடுப்போம் என்றாள். கூட்டம் ஆடிப்போகும் என்று நினைத்தாள். ஃபேன்தான் ஆடியது.

"மறைச்சாங்களா? மைக்ல மூணு தரம் சொன்னாங்களே மிஸ்ஸி," என்றாள் பக்கத்து லோரோங் சந்திலிருந்து வந்த புஷ்பவள்ளி. "அலமாக், பாயாசத்தோட சோறு போட்டவங்கள சந்தேகப்படலாமா?"

கோயிலில் பெயர் சொல்லப்பட்டவர் பெரிய மனிதர். பெரிய மனிதர் ஆராய்ச்சி பெரிய ஆராய்ச்சி. அவ்வளவுதான், முடிந்தது. சோறும் ஆராய்ச்சியும் ஒன்றில்லை என்று தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தாள். தென்னந்தோப்பு மாதிரி கைகள் உயர்ந்தன. முதல் கை தர்மினியுடையது.

"எனக்கு லைன் வேணும் லா, அம்மா."

சங்கத்துக்கும் மணியம்தான் செயலாளர். தலைவர் ஆதரவா, எதிர்ப்பா என்று கேட்டார். தெரியாது என்று எழுதச் சொன்னாள்.

"தலைவருக்குத் தெரியாதுன்னா நல்லா இருக்காதே மிஸ்ஸி. ஆதரவுன்னு போட்டுரட்டுமா?"

பேனாவைப் பிடுங்கி அவளே எழுதினாள். அழுத்திய அழுத்தில் மேசை விரிப்பு வரைக்கும் 'தெரியாது' பதிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகளின் கட்டிலைப் பின்னறைக்கு நகர்த்தத் தொடங்கினாள். தர்மினி அறைக் கதவில் சாய்ந்து பார்த்தாள்.

"அப்போ டவர் ஆபத்துன்னு சொல்றீங்களா?"

"தெரியாதுன்னு சொல்றேன். நீ தூக்காத, தள்ளி நில்லு."