இருபத்திரண்டு வயது லாரிக்கு ஒரு டப்பா மருந்து

1

இந்தக் கதை ஒரு காலி டப்பாவிலிருந்து வந்தது. அது இப்போது என் மேசையில் பேனா செருகும் குவளையாக நிற்கிறது. அதிலிருந்த மருந்து, இஞ்சினுக்குள் படிந்த கசடையெல்லாம் கரைத்து எடுத்துவிடுமாம். மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பழைய லாரிக்கு இது ஆகுமா ஆகாதா என்பதுதான் விஷயம். கட்டுரையாக எழுதியிருந்தால் யார் ஊற்றினார்கள் என்று சொல்லாமலே தப்பித்திருக்கலாம்.

முதல் தொடக்கம்: அன்று காலை லாரி ஏனோ சோகமாக நின்றுகொண்டி

(அடித்துவிட்டேன். லாரிக்குச் சோகம் கிடையாது. ஆயில்தான் உண்டு.)

2

அவள் டிரைவர். லாரியும் அவளுடையது. லாரிக்கு வயது இருபத்திரண்டு, அவள் கல்யாணத்துக்குப் பத்தொன்பது. இரண்டில் எது முதலில் வந்தது என்பதைக் கணவனுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவாள்.

கொஞ்ச நாளாக லாரி நீலப் புகை கக்கியது. புகைச் சோதனையில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவது, மறுநாள் காலை பத்து மணிக்கு. அதிலும் தோற்றால் லாரி காயலான் கடைக்கு, அவள் யாரோ ஒருவருடைய லாரிக்குச் சம்பள டிரைவராக.

அன்று காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது இஞ்சின் ஆயிலுக்குள் ஒரு டப்பா மருந்து இறங்கியது. ஊற்றியது பக்கத்துக் கிடங்கின் காவலாளி.

(இல்லை. அவரை நேற்றுதான் படைத்தேன். வந்த மறுநாளே பழி சுமத்துவது பாவம்.)

ஊற்றியது அவள் நாத்தனார்.

(வேண்டாம். நாத்தனார் மெக்கானிக். இதைப் படித்தால் ஸ்பானரோடு வருவாள்.)

ஊற்றியது கணவன்.

3

ஊற்று, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிடு, உடனே பழைய ஆயிலை முழுக்க வடித்துவிடு.* கணவன் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டான். பாதியில் நிறுத்துவது அவனுக்குத் தொழில்.

* டப்பாவின் பின்பக்கம், எறும்பு எழுத்தில். பேனா வைக்கத் தொடங்கிய பிறகுதான் படித்தேன்.

ஒன்றும் தெரியாத அவள் ஓடுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மூன்றாவது கிலோமீட்டரில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அடுத்த திருப்பம்வரை போய்ப் பார்ப்போம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவள் விளக்கைப் பார்த்த அதே மூச்சில் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தாள்.

இந்த இடத்தில் இஞ்சின் இறுகி லாரி சாவதாகத்தான் திட்டம். சோகமாக முடித்தால் கதைக்குக் கனம் கூடும். வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

"என் வண்டிய சாகடிச்சுத்தான் நீங்க பேர் வாங்கணுமா?" என்றாள்.

வீட்டில் என்று உளறிவிட்டேனா? சரி, கணவன் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்தது போதும். ஊற்றியவன் நான்தான்.

4

லாரியை என் தங்கையின் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தோம். தங்கை ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்தாள்.

"அண்ணி, இதுல என்ன ஊத்துனீங்க?"

"நான் ஒண்ணும் ஊத்தல. நீ மாத்துன ஆயில்தான்."

"நான் மாத்துன ஆயில் இப்படி மண்ணெண்ணெய் வாடை அடிக்காதே."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் பட்டறைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கூரை.

"ஒரே ஒரு டப்பாதான்…"

"அண்ணே! இருபத்திரண்டு வருஷ அழுக்கு, அது பாட்டுக்குத் தூங்கிட்டிருந்துச்சு. ஒரே நாள்ல தட்டி எழுப்பிட்ட. எல்லாம் கெளம்பிப்போய் ஆயில் உறிஞ்சற சல்லடைய அடைச்சிருக்கும். அப்புறம் இஞ்சினுக்கு ஆயில் எங்கேருந்து வரும்?"

"அப்ப பழைய வண்டிக்கு இது ஆகவே ஆகாதா?"

"உள்ள எப்படியிருக்குன்னு பாத்துட்டு ஊத்துனா மருந்து. பாக்காம ஊத்துனா…" என்னைப் பார்த்து வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். குடும்பப் பழக்கம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் என் மனைவி. சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நாளைக்குப் பாஸானதும் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம்னு…"

"ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. சிவப்பா எரிஞ்சுச்சு."

சொல்லிவிட்டு லாரிக்கடியில் போய்ப் படுத்தாள். இரண்டு பேருமாக ஆயில் தொட்டியைக் கழற்றி இறக்கினார்கள். சல்லடையில் தார் அப்பியதுபோல் கசடு. தங்கை அதை டீசலில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். தொட்டி கழுவும் வேலை எனக்கு. மூன்று முறை கழுவினேன். நான்காவது முறை கழுவச் சொன்னார்கள். புது வடிகட்டி, புது ஆயில். வெயில் இறங்குமுன் என் மனைவி சாவியைத் திருப்பினாள். இஞ்சின் உறுமியது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்

அணைந்தது. தங்கை கத்திய கத்தலில் ஸ்பானர் என் காலில் விழுந்தது. வலிக்கவில்லை.

5

மறுநாள் பத்து மணி. புகைக்குழாயில் கருவியைச் செருகினார் அதிகாரி. அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள், மறுபடி மிதித்தாள், மறுபடியும். அதிகாரி காகிதத்தில் வண்டியின் வயதைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கருவியை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"பாஸ்மா."

வாசலிலிருந்து கடைத்தெரு முனைவரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை அவள். தெருவே திரும்பிப் பார்த்தது. அவளுக்கும் தங்கைக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்த நான் யாரென்று தெரியாமலே எல்லோருக்கும் கையசைத்தேன்.

"என் சல்லடைதான் காப்பாத்துச்சு," என்றாள் தங்கை.

"நேத்து நான் அணைச்சிருக்கலன்னா சல்லடைய எங்க போய்த் தேய்ப்ப?"

மருந்துக்கும் கொஞ்சம் பங்கிருக்கலாம் என்றேன். ஹாரன் இன்னும் பலமாக ஒலித்தது.

எது ஜெயித்தது என்று நான் எழுதப்போவதில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்த இரண்டாவது டப்பா, மூடி திறக்காமல் என்னிடம் இருக்கிறது. உங்களிடம் பழைய லாரி இருந்தால் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள், கதையின் முடிவும் அந்த டப்பாவுக்குள்ளேயே இருக்கட்டும். ஊற்றுவதற்கு முன்னால் இஞ்சினைத் திறந்து உள்ளே பாருங்கள். அதற்கும் முன்னால், வண்டி யாருடையதோ அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.