அண்ணன் காரில் விழுந்த சாம்பல்

தையல்காரியின் வீட்டு வாசலில் அண்ணன் கார் வந்து நின்றபோது அதில் அடுத்த தெருவுக்குப் போகக்கூடச் சார்ஜ் இல்லை. வெயில் கொளுத்துகிறது, ஊரெல்லாம் ஏசி ஓடுகிறது, லைன் தாங்காது என்று நெடுஞ்சாலை சார்ஜ் நிலையங்களை மதியமே நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றையும் கணக்குப் போடுகிற மனிதர், இதை மட்டும் போடவில்லை. வேறு வழியில்லாமல், வருடக்கணக்காக எட்டிப் பார்க்காத தங்கை வீட்டுக்கு வந்து நின்றார்.

"கொஞ்சம் கரண்ட் குடும்மா. சாயங்காலம் விருது விழா. புகையில்லா வண்டிக்காகப் பாடுபட்டேன்னு எனக்குத் தர்றாங்க."

அடேயப்பா, விருது! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருக்கோடியில் நிலக்கரி மின்நிலையம். அதன் புகைபோக்கிக்குக் கீழே இருமி இருமியே செத்தான் அவள் புருஷன். அவன் இருமிக்கொண்டிருந்த நாளிலேயே வடிகட்டி பொருத்தச் சொல்லித் தெருவே விசாரணைக்குப் போனபோது, நிபுணர் என்று கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, 'அந்தத் தெருவில் சாம்பலே விழுவதில்லை' என்று சொன்னது யார்? இதே மகானுபாவர்தான். வடிகட்டி வரவில்லை. மச்சான் சாவுக்கு அவரும் வரவில்லை.

"அதுக்கென்ன அண்ணே, தாராளமா!" ஜன்னல் வழியாக வயரை வாங்கித் தையல் மெஷின் பிளக்கில் சொருகினாள். "உன் வண்டி புகை விடாதுதான். அதுக்கும் சேர்த்து எங்க தலைமேலதான் விடுறாங்க."

அவர் காதில் வாங்கவில்லை. வீட்டுப் பிளக்கில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறியது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனையே வெறித்தார். விழாவுக்குப் போய்ச்சேரத் தேவையான சார்ஜில் பாதி ஏறுவதற்குள் வெள்ளைக் கார் மங்கிப்போனது. கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தார்.

"என்ன அண்ணே அது?"

"தூசி."

பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏய், என்ன பண்றே?"

"பேரைச் சரியாச் சொல்லு, சொருகுறேன்."

எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். அவர் போனைப் பார்த்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சாம்பல்," என்று முணுமுணுத்தார்.

"எல்லாருக்கும் கேக்கட்டும்."

"சாம்பல்தான்! அந்தப் புகைபோக்கிச் சாம்பல்தான். போதுமா?"

தெரு முழுக்கக் கேட்டது. அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் ஆத்திரம் ஆறவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள்.

"சொன்னா சொருகுறேன்னியே!"

"உன் மச்சான் மூச்சுக்குத் தவிச்சப்ப சொல்லியிருந்தா சொருகியிருப்பேன்," என்று கதவைச் சாத்தினாள்.